தட்டை அளந்துவிட்டு அலமாரி வாங்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சாப்பாட்டு அறைக்கான அலமாரி, சைடுபோர்டு (சுவரோரம் நிற்கும் தாழ்வான, நீளமான அலமாரி), பரிமாறும் டிராலி பற்றி வந்த கடிதங்களில் ஏழுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். அநேகமாக எல்லாக் கடிதங்களும் "எந்த மாடல் நல்லது?" என்றுதான் தொடங்குகின்றன. மாடலைப் பிறகு பார்க்கலாம். வீட்டில் இருப்பதிலேயே பெரிய தட்டு எத்தனை இஞ்ச், நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்க எத்தனை இஞ்ச் வேண்டும் என்ற இரண்டையும் டேப் வைத்து அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடி வீட்டில் சாப்பிடும் இடம் 10 அடிக்கு 9 அடி. 5 அடிக்கு 3 அடி டேபிளும் ஆறு நாற்காலியும் இருக்கின்றன. 10 அடிச் சுவர் முழுக்க 18 இஞ்ச் ஆழத்தில் கிராக்கரி யூனிட் (தட்டு, கிண்ணம் வைக்கும் அலமாரி) செய்துவிடலாம் என்கிறார் ஆசாரி. சரிவருமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: சரிவராது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 அடி என்பது 108 இஞ்ச். டேபிள் அகலம் 36 போக மீதி 72. டேபிளை நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் 36 இஞ்ச் கிடைக்கும். ஒரு பக்கத்தில் அலமாரி 18 இஞ்ச்சை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 18. ஒருவர் உட்கார்ந்து சாப்பிடும்போதே டேபிள் விளிம்பிலிருந்து அவர் முதுகு வரை 18 முதல் 20 இஞ்ச் போய்விடும். நாற்காலியைத் தள்ளி எழுந்திருக்க 26 இஞ்ச்சாவது வேண்டும். அவருக்குப் பின்னால் ஒருவர் சாம்பார் பாத்திரத்தோடு நடக்க 40 இஞ்ச் வேண்டும். ஆசாரி சொன்னபடி செய்தால் அந்தப் பக்கத்து நாற்காலிகள் அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டே இருக்கும். ஒரு வருடத்தில் கதவின் மைக்காவில் நாற்காலி முதுகு பட்ட தடம் விழுந்துவிடும்.

அலமாரியை 9 அடிச் சுவருக்கு மாற்றுங்கள். டேபிளின் நீளம் 10 அடிப் பக்கத்தோடு போகட்டும். அதன் ஒரு முனையை எதிர்ச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். 120 இஞ்ச்சில் டேபிள் 60, அலமாரி 16 போக, இரண்டுக்கும் நடுவே 44 இஞ்ச் கிடைக்கும். அங்கே ஒரு நாற்காலி, இரு பக்கமும் இரண்டிரண்டு என்று தினமும் ஐந்து பேர் உட்காரலாம். விருந்தாளி வரும் நாளில் டேபிளைக் கொஞ்சம் இழுத்துவிட்டு ஆறாவது நாற்காலியைப் போட்டுக்கொள்ளலாம். வாசல் எந்தச் சுவரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. 9 அடிச் சுவரில்தான் வாசல் என்றால், வாசலை விட்டு மீதியுள்ள அகலத்துக்கு மட்டும் செய்யுங்கள்.

ஆழம் ஏன் 16 என்றால், பீங்கான் சாப்பாட்டுத் தட்டு ஏறக்குறைய 11 இஞ்ச். பெரிய எவர்சில்வர் தட்டு 12, 13 இஞ்ச் வரும். உள்ளே 14 இஞ்ச் இருந்தால் எல்லாம் அடங்கிவிடும். பின் பலகையும் கதவும் சேர்ந்து 16க்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் ஆழம் கூடினால் பின்னால் இரண்டாவது வரிசை உருவாகும். பின் வரிசைக்குப் போன கிண்ணம் அடுத்த தீபாவளிக்குத்தான் கண்ணில் படும். இன்னொரு லாபமும் உண்டு. பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி. அலமாரிக் கூட்டின் பலகையை 15 இஞ்ச்சாக வெட்டினால் 48 இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை கிடைக்கும். ரம்பம் தின்றது போக மிஞ்சும் இரண்டரை இஞ்ச் துண்டு, ஷெல்ஃபின் முன் விளிம்புக்கு உதவும். 18 இஞ்ச் என்றால் இரண்டு பட்டைதான். ஒவ்வொரு ஷீட்டிலும் 12 இஞ்ச் ஒதுங்கிப்போகும், அதற்கும் காசு கொடுத்திருப்பீர்கள்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் பழைய செய்தித்தாள்களை 16 இஞ்ச் அகலத்துக்கு மடித்து, அலமாரி வரப்போகும் தரையில் ஒட்டி வையுங்கள். மூன்று நாள் அதை மிதிக்காமல் சாப்பிட்டு, பரிமாறி, பெருக்கிப் பாருங்கள். நான்காம் நாள் முடிவெடுக்கலாம்.

கேள்வி: கடையில் பார்த்த ரெடிமேட் சைடுபோர்டில் "இன்ஜினியர்டு வுட்" என்று போட்டிருக்கிறது. ஆசாரியோ முழுக்க மரைன் பிளை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்) போட்டே ஆகவேண்டும் என்கிறார். அலமாரி வரும் இடத்திலிருந்து இரண்டடியில் வாஷ்பேசின் இருக்கிறது. எதை நம்புவது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: "இன்ஜினியர்டு வுட்" என்பது ஒரு பொருளின் பெயரே இல்லை. மரச்சில்லை ஒட்டி அழுத்திய பார்ட்டிகிள் போர்டும் அதுதான், மரநாரை அழுத்திய எம்.டி.எஃப்.பும் அதுதான், பிளைவுட்டும் அதுதான். கடைக்காரரிடம் இந்த மூன்றில் எது என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் பின்பக்கம் போய் ஒயர் விடுவதற்குப் போட்ட துளையின் விளிம்பைப் பாருங்கள். சில்லுச் சில்லாகத் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. மாவு அழுத்தியதுபோல் வழவழப்பாக இருந்தால் எம்.டி.எஃப். அடுக்கடுக்காக இருந்தால் பிளைவுட். வாஷ்பேசின் பக்கத்தில் முதல் இரண்டும் வேண்டாம். தண்ணீர் குடித்துப் பருத்த பார்ட்டிகிள் போர்டு காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. பருத்த இடத்தில் ஸ்க்ரூ பிடிப்பும் போய்விடும்.

பிளைவுட்டில் மூன்று தரம் புழக்கத்தில் இருக்கிறது. ஐ.எஸ். (இந்தியத் தரம்) 303 என்ற தர எண்ணின் கீழ் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என்று இரண்டு. ஐ.எஸ். 710 என்பது மரைன். எம்.ஆர். என்றால் ஈரம் தாங்கும் என்று அர்த்தம் சொல்வார்கள். அது காற்றில் உள்ள ஈரத்தை மட்டும்தான் தாங்கும், தண்ணீரை இல்லை. இந்தப் பெயரை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். பி.டபிள்யூ.ஆர். கொதிநீரை ஓரளவு தாங்கும் பசையில் ஒட்டியது. 710 பலகை 72 மணி நேரம் தண்ணீரில் கொதிக்க வைக்கும் சோதனையைத் தாண்ட வேண்டும்.

முழு அலமாரியும் 710ல் வேண்டியதில்லை. அடிப் பலகை, வாஷ்பேசின் பார்த்த பக்கப் பலகை, தரையைத் தொடும் ஸ்கர்ட்டிங் (அடி மறைப்புப் பலகை) ஆகிய மூன்றும் 710 ஆக இருக்கட்டும். மற்ற இடங்களுக்கு பி.டபிள்யூ.ஆர். போதும். எம்.ஆர். எங்கேயும் வேண்டாம். ஷீட் வந்து இறங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு தர எண்ணும் உரிம எண்ணும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். வெட்டிய விளிம்பையும் ஒரு பார்வை பாருங்கள். நடு அடுக்குகளில் சந்து தெரிந்தால் அங்கே ஸ்க்ரூ பிடிக்காது. முதல் ஷீட்டில் நான்கு இஞ்ச் துண்டு ஒன்றை வாங்கி, வேண்டாத பாத்திரத்தில் மூன்று நான்கு மணி நேரம் கொதிக்க விடுங்கள். அடுக்கு பிரிந்தால் அது மரைனும் இல்லை, பி.டபிள்யூ.ஆரும் இல்லை. மற்ற ஷீட்டை வெட்டவே விடாதீர்கள்.

நல்ல பலகை போட்டும் அலமாரி ஊறுவதற்குக் காரணம் விளிம்பு. தினமும் தரை துடைக்கும் மாப்பு அடிப் பலகையின் கீழ் விளிம்பில் படும். ஆசாரிகள் கண்ணுக்குத் தெரியும் முன் விளிம்புக்குப் பட்டை ஒட்டிவிட்டு, தரைப் பக்க விளிம்பை அப்படியே விட்டுவிடுவார்கள். தண்ணீர் ஏறுவது அங்கேதான். நான்கு விளிம்பிலும் எட்ஜ் பேண்ட் (விளிம்பை மூடும் பட்டை) ஒட்டியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கதவுக்கு 2 மி.மீ. பட்டை, உள் பலகைகளுக்கு 0.8 மி.மீ. போதும். அலமாரியைத் தரையில் உட்கார வைக்காமல் 4 இஞ்ச் பி.வி.சி. கால் மேல் நிறுத்தி, முன்னால் கழற்றி மாட்டும் ஸ்கர்ட்டிங் வைத்தால் அடியில் பெருக்கவும் முடியும், கறையான் மண் ஏறுகிறதா என்று பார்க்கவும் முடியும்.

மைக்காவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வெளியே 1 மி.மீ. மைக்கா ஒட்டிவிட்டு உள்பக்கம் வெறும் பெயின்ட் அடித்தால் கதவு ஆறே மாதத்தில் வில்லாக வளையும். ஒரு முகம் ஈரத்தை இழுக்கும், மறுமுகம் இழுக்காது, அதுதான் காரணம். உள்பக்கமும் 0.8 மி.மீ. மைக்கா ஒட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பசை நெடி அடங்கும்வரை, இரண்டு மூன்று வாரம், கதவுகளைத் திறந்து போட்டு வையுங்கள். அதுவரை அரிசி, பருப்பு, அப்பளம் எதையும் உள்ளே வைக்கக் கூடாது.

கேள்வி: நான்கு அடி நீள ஷெல்ஃபில் 24 பேருக்கான பீங்கான் தட்டுகளை அடுக்கியிருக்கிறோம். இரண்டு வருடத்தில் நடுவில் தொங்கிவிட்டது. பலகை மட்டமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: பலகை மேல் பழி போடுவதற்கு முன் நீளத்தைப் பாருங்கள். ஒரு பீங்கான் தட்டு 600 கிராம் என்று வைத்துக்கொண்டாலும் 24 தட்டு 14 கிலோவைத் தாண்டும். அதோடு கிண்ணம், சாஸர் வேறு. ஷெல்ஃபின் நீளம் இரட்டித்தால் அதே எடைக்கே வளைவு எட்டு மடங்கு ஆகும். நீளம் கூடும்போது நாம் சாமானையும் கூட்டி வைப்போம், அப்போது 16 மடங்கு. கனத்திலும் இதே கணக்குதான். 12 மி.மீ. பலகையைவிட 18 மி.மீ. பலகை மூன்று மடங்குக்கும் மேல் விறைப்பானது. பீங்கான் வைப்பதென்றால் 18 மி.மீ. பிளைவுட்டில் இரண்டரை அடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் விடாதீர்கள். பார்ட்டிகிள் போர்டு என்றால் இரண்டடிதான். அதுவும் நாள்பட நாள்படத் தானாகவே தொய்யும்.

இப்போது இருப்பதைச் சரிசெய்ய மூன்று வேலை. முதலில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஷெல்ஃபைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள், வளைவு மேல்நோக்கி வரும். இரண்டாவது, கீழ்ப் பலகைக்கும் ஷெல்ஃபுக்கும் நடுவே, சரியாக மையத்தில் ஒரு குறுக்குத் தடுப்பு நிறுத்துங்கள். நான்கு அடி இரண்டு இரண்டடியாக மாறினால் வளைவு பதினாறில் ஒன்றாகக் குறையும். தடுப்புக்கு நேர் கீழே தரையில் ஒரு காலும் வேண்டும், இல்லாவிட்டால் ஷெல்ஃபின் தொய்வு அடிப் பலகைக்கு இறங்கிவிடும். தடுப்பு வைக்க இடமில்லை என்றால் மூன்றாவது வழி: முன் விளிம்பின் கீழே ஒன்றரை இஞ்ச் உயரத்துக்குத் தேக்கு ரீப்பரைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்குங்கள். பின் விளிம்பைப் பின் பலகையோடு மூன்று இடத்தில் பிடிக்கவும்.

அடுக்கும் விதத்தையும் மாற்றுங்கள். கனமான தட்டு அடுக்குகள் இரண்டு ஓரத்திலும், இலேசான டம்ளர், கண்ணாடிக் கிண்ணம் நடுவிலும் இருக்கட்டும். கண்ணாடி ஷெல்ஃப் போடும் எண்ணம் இருந்தால், 8 மி.மீ. டஃபன்டு (சூடேற்றி வலுவாக்கிய) கண்ணாடி, இரண்டடி நீளத்துக்குள், கோப்பைகளுக்கு மட்டும். டஃபன்டு செய்த கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. அளவைச் சரிபார்த்துத்தான் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: பண்டிகை நாளில் இருபது பேர் கூடுவோம். சாப்பாட்டைச் சைடுபோர்டில் வைத்துவிட்டு அவரவர் போட்டுக்கொள்ளும்படி செய்ய ஆசை. எவ்வளவு உயரம், எவ்வளவு நீளம், மேலே கிரானைட்டா மைக்காவா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கடைகளின் பட்டியலில் 36 இஞ்ச் உயரம் என்று போட்டிருக்கும். அது தட்டையான தாம்பாளத்தில் வைத்துப் பரிமாறும் வழக்கத்துக்குப் பொருந்தும். நம் சாம்பார் பாத்திரமே 8, 9 இஞ்ச் உயரம். அதை 36 இஞ்ச் மேல் வைத்தால் விளிம்பு 45 இஞ்ச்சுக்குப் போய்விடும். ஐந்தடி உயரமுள்ள ஒருவர் தோளைத் தூக்கிக் கரண்டி விட வேண்டியிருக்கும், வழியெல்லாம் சிந்தும். 32 முதல் 34 இஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் உயரம் குறைவு என்றால் 32.

நீளத்துக்கு வருவோம். ஒரு பாத்திரத்துக்கு 10 இஞ்ச், பக்கத்தில் கரண்டி வைக்க 2 இஞ்ச், ஆக ஓரடி. சாதம், சாம்பார், கூட்டு, பொரியல், ரசம், தயிர், அப்பளம் என்று ஏழு ஆனால் ஏழடி, தட்டு அடுக்க இன்னும் ஓரடி. எட்டடி சைடுபோர்டுக்கு எல்லா வீட்டிலும் இடமிருக்காது, இருந்தாலும் வேண்டாம். ஐந்தடி போதும். தண்ணீர், டம்ளர், பாயசத்தோடு கூட்டு, பொரியல், அப்பளத்தையும் அறையின் வேறு மூலையில் ஒரு சின்ன மேசைக்கு நகர்த்துங்கள். தட்டு முதலிலேயே டைனிங் டேபிள் மேல் இருக்கட்டும்.

இங்கே ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். வெளிநாட்டுப் படங்களில் காட்டும் வரிசை நமக்கு உதவாது. அவர்கள் ஒரு முறை வரிசையில் போய்வந்தால் முடிந்தது. நாம் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, தயிருக்கு ஒரு தடவை என்று சாதத்துக்கு மூன்று முறை வருகிறோம். சாதத்தை ஒரு முனையில் வைத்தால் அங்கேதான் கூட்டம் நிற்கும். சாதத்தை இரண்டு பாத்திரமாகப் பிரித்து, ஒன்றைச் சாம்பார் பக்கத்திலும் இன்னொன்றை ரசம், தயிர் பக்கத்திலும் வையுங்கள். ஐந்தடிச் சைடுபோர்டிலும் இருபது பேர் நெரிசல் இல்லாமல் எடுத்துக்கொள்வார்கள். முன்னால் மூன்றரை அடி வெறும் தரை வேண்டும். அன்றைக்கு மட்டும் அந்தப் பக்க நாற்காலிகளை ஹாலுக்கு மாற்றிவிடுங்கள்.

மேல்பரப்புக்குக் கிரானைட்தான் எங்கள் தேர்வு. சூடான பாத்திரத்தை நேராக மைக்கா மேல் வைத்தால் அடியில் உள்ள பசை இளகிக் குமிழி விடும். ஒரு முறை எழும்பிய குமிழி திரும்ப ஒட்டாது. மார்பிள் பார்க்க அழகு. ஆனால் எலுமிச்சை, புளி, தயிர் எது சிந்தினாலும் பளபளப்பு போய் மங்கல் வட்டம் விழும். வெள்ளைக் குவார்ட்ஸில் மஞ்சள் கறை பிடித்தால் எடுப்பது சிரமம். கருப்போ அடர்பழுப்போ உள்ள 18 மி.மீ. கிரானைட் இந்த எல்லாவற்றையும் தாங்கும். எடைதான் பார்க்க வேண்டும். சதுர அடிக்கு ஏறக்குறைய நாலரை கிலோ. ஐந்தடிக்கு 16 இஞ்ச் என்றால் 30 கிலோ. அதனால் கீழே இரண்டடிக்கு ஒரு நெட்டுத் தடுப்பு இருக்க வேண்டும். முன் விளிம்பு கதவைத் தாண்டி அரை இஞ்ச் வெளியே நீண்டு, அடியில் ஒரு சின்னக் காடி வெட்டியிருந்தால் சிந்திய ரசம் கதவில் வழியாமல் அங்கேயே சொட்டும்.

இன்டக்‌ஷன் அடுப்பு வைத்துச் சூடாக்கும் எண்ணம் இருந்தால் மின்சார வேலையை முதலிலேயே முடியுங்கள். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகக் கூடாது. 16 ஆம்பியர் பாயின்ட் தனி ஒயரோடு வேண்டும். பிளக் சைடுபோர்டு மட்டத்திலிருந்து 6 முதல் 8 இஞ்ச் மேலே இருக்கட்டும். தரையோரம் ஏற்கெனவே உள்ள பிளக்கை அலமாரி மறைத்துவிடும், எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

கேள்வி: பாட்டி காலத்துத் தேக்கு அலமாரி ஒன்று இருக்கிறது. அதைச் சாப்பாட்டு அறையில் வைத்துக்கொள்ள விருப்பம். ஆனால் அடியில் மஞ்சள் பொடி கொட்டுகிறது. மழைக்காலத்தில் கதவும் இறுகிக்கொள்கிறது.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: விற்றுவிடாதீர்கள். அந்த மரம் இன்று கிடைப்பது கடினம். முதலில் எது கொட்டுகிறது என்று பாருங்கள். வெள்ளைத் தாளை அடியில் விரித்து ஒரு வாரம் விடுங்கள். கோதுமை மாவு போல் மென்மையாக இருந்தால் உளுப் பூச்சி. விரலில் தேய்த்தால் மணல் போல் உருண்டையாக நெருடினால் மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கறையான். சுவரிலிருந்து மண்கோடு ஏறியிருந்தால் நிலத்துக் கறையான், அப்போது மரத்துக்கு முன் சுவருக்கும் தரைக்கும்தான் வைத்தியம்.

நீங்கள் சொல்வது உளுவாகத்தான் தெரிகிறது. உளு தேக்கின் வைரத்தில் (மரத்தின் கெட்டியான நடுப்பகுதியில்) சாதாரணமாக ஏறாது. வெளிறிய வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். முகப்பை வைரத்தில் செய்துவிட்டு, பின் பலகை, இழுப்பறையின் அடி, குறுக்குச் சட்டம் ஆகியவற்றுக்கு வெள்ளை மரத்தையோ மாமரத்தையோ பயன்படுத்துவது அந்தக் காலத்திலும் உண்டு. ஆக, பாதிப்பு மறைவான பாகத்தில்தான் இருக்கும். விரல் நகத்தை அழுத்தினால் உள்ளே போகிற சட்டங்களை ஆசாரியைக் கொண்டு மாற்றிவிடுங்கள். உறுதியாக உள்ள பாகத்தில் துளைகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டு, பூச்சிக்கொல்லி போடும் ஆட்களை அழைத்து போரான் கரைசல் பூசச் சொல்லுங்கள். பாலிஷ் உள்ள இடத்தில் கரைசல் இறங்காது. உள்பக்கம், அடிப்பக்கம், பின்பக்கம் போன்ற பாலிஷ் இல்லாத முகங்களில்தான் பூச வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே தட்டு அடுக்கலாம். துளையை உடனே மெழுகால் அடைக்காதீர்கள். மூன்று மாதம் பொறுத்து, வட்டமிடாத புதுத் துளை வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடையுங்கள். ரசக்கற்பூர உருண்டையை இந்த அலமாரியில் போடவே கூடாது. அந்த நெடி தட்டில் ஏறும்.

கதவு இறுகுவதற்கு மழைக்காலத்தில் இழைப்புளி போடாதீர்கள். கார்த்திகையில் உப்பியிருக்கும் மரத்தைச் சீவினால் சித்திரையில் கதவுக்கு நடுவே விரல் நுழையும். எங்கே உரசுகிறது என்று இப்போது சாக்பீஸால் குறித்து வைத்துக்கொண்டு, தை கடந்து மரம் சுருங்கிய பிறகும் உரசினால் அந்த இடத்தை மட்டும் மெல்லச் சீவுங்கள். அதுவரை மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். பல சமயம் குற்றம் மரத்தில் இருக்காது. பழைய பித்தளைக் கீலின் மேல் ஸ்க்ரூ தளர்ந்து, கதவு தலைசாய்ந்து கீழே தட்டும். அதை முதலில் பாருங்கள்.

கேள்வி: புது அலமாரி, ஒரே வருடத்தில் கதவுகள் இறங்கி ஒன்றோடொன்று இடிக்கின்றன. இழுப்பறையும் கரகரக்கிறது. நாங்கள் கடலோரம் இருக்கிறோம்.
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: கதவைத் திறந்து கீலைப் பாருங்கள். ஆட்டோ கீலில் (கதவைத் தானாக இழுத்து மூடும் ஸ்பிரிங் கீல்) பக்கவாட்டுக்கு ஒன்று, முன்பின்னுக்கு ஒன்று என்று இரண்டு திருகுகள் இருக்கும். மேலும் கீழும் நகர்த்துவது சட்டத்தில் பிடித்துள்ள தட்டின் ஸ்க்ரூக்களால். மேல் கீலில் பக்கவாட்டுத் திருகை அரைச் சுற்று திருப்பினாலே பெரும்பாலும் கதவு நேராகிவிடும். ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருந்தால் துளை தேய்ந்துவிட்டது. மூங்கில் குச்சியில் மரப்பசை தடவி உள்ளே தட்டி இறக்கி, ஒரு நாள் காயவிட்டு மறுபடி முடுக்குங்கள். பெரிய ஸ்க்ரூ போடுவது தப்பு, 18 மி.மீ. பலகையில் மறுபக்கம் முனை நீட்டிக்கொண்டு வந்துவிடும். மூன்றடிக் கதவுக்கு இரண்டு கீல் போதும். அதற்கு மேல் ஐந்தடி வரை மூன்று வேண்டும். கண்ணாடி பதித்த கதவுக்கு ஒன்று கூடுதல்.

உப்புக் காற்றில் சாதாரண நிக்கல் பூச்சுக் கீல் துருப்பிடிப்பது தவிர்க்க முடியாதது. மாற்றும்போது 304 என்ற தரத்து எவர்சில்வர் கீல் கேட்டு வாங்குங்கள். காந்தம் ஒட்டுகிறதா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், உள்ளே உள்ள ஸ்பிரிங் காந்தத்தை இழுக்கலாம். ரசீதில் 304 என்று எழுதி வாங்குங்கள். இழுப்பறை சேனலில் (இழுப்பறை ஓடும் தண்டவாளத்தில்) கரகரப்பு என்றால் குண்டுகளில் தூசியும் உப்பும் சேர்ந்திருக்கிறது. இழுப்பறையைக் கழற்றி உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்து, சிலிகான் ஸ்பிரே இலேசாக அடியுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். முதலில் வழுக்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பிசினாகும். புதிதாகச் செய்யும்போது இழுப்பறைக்கு இரு பக்கமும் 13 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று அளந்து பாருங்கள். 11 விட்டுவிட்டுச் சேனலைத் திணித்தால் முதல் நாளிலிருந்தே உரசும்.

கேள்வி: அப்பாவால் டைனிங் டேபிள் வரை வர முடியவில்லை. ஹாலில் உட்கார்ந்தே சாப்பிடுகிறார். பரிமாறும் டிராலி வாங்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வாங்கலாம். கடையில் மேல் தட்டைப் பார்ப்பதற்கு முன் சக்கரத்தைப் பாருங்கள். இரண்டு இஞ்ச்சுக்கும் குறைவான சக்கரம் டைல்ஸ் இணைப்பிலேயே தட்டும், ரசம் தளும்பும். மூன்று இஞ்ச் ரப்பர் சக்கரம், நான்கும் சுழல வேண்டும், இரண்டிலாவது பிரேக் வேண்டும். சமையலறையிலிருந்து ஹால் வரை வாசற்படி கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அரை இஞ்ச் கட்டை இருந்தாலும் ஒரு மரச் சரிவு செய்து போட்டுவிடுங்கள். தட்டைச் சுற்றி ஒன்றரை இஞ்ச் கம்பித் தடுப்பு இருக்க வேண்டும். அகலம் 16 இஞ்ச்சுக்குள் இருந்தால் வாசல்களில் தாராளமாக நுழையும்.

உயரம் அப்பா உட்காரும் இடத்தைப் பொறுத்தது. நாற்காலி என்றால் டேபிள் உயரமான 30 இஞ்ச். தாழ்ந்த சோபா என்றால் 24 முதல் 26 இஞ்ச். தட்டை டிராலி மேலேயே வைத்து அவர் சாப்பிடுவதாக இருந்தால் கீழ்த் தட்டு அவர் முழங்காலில் இடிக்கும். அந்தப் பக்கம் கீழ்த் தட்டு இல்லாமல், அடிச்சட்டம் சோபாவுக்கு அடியில் நுழையும் "சி" வடிவ மேசை வேறாகக் கிடைக்கிறது. அதை அவருக்கும் டிராலியைப் பாத்திரங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கனமான சாதப் பாத்திரமும் தண்ணீர்ச் சொம்பும் எப்போதும் கீழ்த் தட்டில். எழுந்திருக்கும்போது அவர் டிராலியைப் பிடித்து ஊன்றக் கூடாது, பிரேக் போட்டிருந்தாலும் நகரும். கையூன்ற உறுதியான கை வைத்த நாற்காலியை அதே பக்கத்தில் போட்டு வையுங்கள்.